உதிரிபாகப் பட்டியலில் பிறந்த தரவுத்தளம்

தொழில்தடத்தின் கதை – 11

1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையின் சான்ட்ரோ சந்தைக்கு வந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்தக் காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கார் உருவாகும்போதும் கூடவே ஒரு பதிவும் உருவாகிறது. அந்தப் பதிவின் தலைமாட்டில் இருப்பது 17 இடங்கள் கொண்ட சேஸிஸ் நம்பர். இருங்காட்டுக்கோட்டைக் காருக்கு அது எம்.ஏ.எல். என்று தொடங்கும். ஒரகடத்து ரெனோவுக்கு எம்.இ.இ., நிசானுக்கு எம்.டி.எச்., ராயல் என்ஃபீல்டு பைக்குக்கு எம்.இ.3. உலகில் எந்த 17 இடச் சேஸிஸ் எண்ணிலும் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பிவிடக் கூடாதென்று விலக்கிவைத்திருக்கிறார்கள்.

என்ஜின் எண் என்ன, எந்த நாளில் எந்த ஷிப்டில் பூட்டினார்கள், எந்த வெண்டரின் எந்த லாட் பிரேக் இதில் போனது என்ற விவரமெல்லாம் அந்த 17 இடங்களுக்குப் பின்னால் நிற்கிறது. சில வருடம் கழித்து ஒரு பாகத்தில் குறை தெரிந்து வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தால், அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

இத்தகைய பதிவுகளை எந்த வடிவத்தில் வைப்பது என்று கணினி உலகம் அறுபது ஆண்டுகளாக விவாதித்து வருகிறது. மரமாக, வலையாக, அட்டவணையாக, வெறும் எண்ணும் பொருளுமாக, கால வரிசையாக என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை சொன்னது. தரவுத்தளம் என்றதும் நமக்கு வங்கியும் ரயில் முன்பதிவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் தாய்வீடு தொழிற்சாலை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஸ்டோர்ஸ் கிளார்க் தினமும் கேட்பது போன்ற கேள்விகளிலிருந்துதான் இந்த வகைகள் ஒவ்வொன்றாகக் கிளைத்தன. அந்தக் கேள்விகளின் வழியாகவே அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மேலிருந்து கீழே

கடைசித் திருகாணி வரை எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள் என்று டொயோட்டா நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்துப் பயனில்லை. கார், அதன் கீழே என்ஜின், என்ஜினின் கீழே சிலிண்டர் ஹெட், அதன் கீழே வால்வு, வால்வோடு ஸ்பிரிங் என்று படிப்படியாக இறங்கும் பட்டியல் வேண்டும். ஆலைகளில் இதற்கு பி.ஓ.எம். என்று பெயர். நாளைக்கு 1,000 வண்டி உருவாக்கப்போகிறோம் என்றால், இந்தப் பட்டியலைப் பிரித்து, பெருக்கி, கையிருப்பைக் கழித்த பிறகுதான் எத்தனை ஸ்பிரிங்குக்கு ஆர்டர் போடுவது என்று தெரியும்.

1960களில் இந்தச் சிக்கல் மிகப் பெரிய அளவில் வந்து நின்ற இடம் அமெரிக்காவின் அப்பல்லோ திட்டம். நிலவுக்குப் போகும் கலத்தின் உதிரிபாகங்கள் பல லட்சம். காந்த நாடாவிலும் துளை அட்டையிலும் அவற்றைச் சமாளிக்க முடியவில்லை. 1966-ல் ஐ.பி.எம்., விண்கலம் கட்டிக்கொண்டிருந்த நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் (பின்னாளில் ராக்வெல்), மண்வாரி இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் ஆகிய மூன்றும் கைகோத்தன. வெர்ன் வாட்ஸ் என்ற பொறியாளர் தலைமைச் சிற்பியாக இருந்தார். 1968 ஆகஸ்ட் 14 அன்று, கலிஃபோர்னியாவில் டவுனி என்ற ஊரில் இருந்த ஒரு டெர்மினலில் 'ரெடி' என்ற சொல் வந்து விழுந்தது. ஐ.எம்.எஸ். என்ற தரவுத்தளம் வேலை செய்யத் தொடங்கியது. அந்த மூவரில் ஒருவரான கேட்டர்பில்லருக்கு இன்று நம் பக்கத்து ஊரான திருவள்ளூரில் ஆலை இருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஐ.எம்.எஸ். தரவுகளை மரமாக அடுக்கியது. தாய், அதன் கீழே பிள்ளைகள், அவற்றின் கீழே பேரப்பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஒரே தாய். மேலிருந்து கீழே இறங்கும் கேள்விக்கு இதைப்போல வேகமாகப் பதில் சொல்லும் அமைப்பு அன்றைக்கு வேறில்லை. அதனால்தான் அது நிலவுப் பயணம் முடிந்த பிறகும் ஓயவில்லை. உலகின் பெரிய வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கீழிருந்து மேலே கேட்டால்தான் தொல்லை. "இந்த ஸ்பிரிங் எந்தெந்த என்ஜினில் போகிறது?" என்று கேட்டால் மரத்தின் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளையாக இறங்கித் தேட வேண்டும்.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். தாலுகா ஆபீஸில் சிட்டா என்பது பட்டாதாரர் வாரியாக இருக்கும். இன்னாருக்கு எந்தெந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம் என்று காட்டும். அ-பதிவேடு சர்வே எண் வாரியாக இருக்கும். இந்த எண்ணில் உள்ள நிலம் யாருடையது என்று அதில் பார்க்க வேண்டும். விவரம் ஏறக்குறைய ஒன்றுதான், அடுக்கிய வரிசை வேறு. சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கிற அதிகாரிக்கு இரண்டும் வேண்டும். எல்லை குறிக்க சர்வே எண்ணிலிருந்து ஆளைத் தேட வேண்டும், இழப்பீடு கொடுக்க ஆளிலிருந்து நிலத்தைத் தேட வேண்டும். ஒரே ஒரு பதிவேடு மட்டும் கையில் இருந்தால் ஒரு திசையில்தான் வேகமாகப் போகலாம். இரண்டு பதிவேடும் வைத்துக்கொண்டாலோ, ஒன்றில் மாற்றி மற்றொன்றில் மாற்றாமல் விட்டுவிடும் ஆபத்து வந்துவிடும். மரவடிவத் தரவுத்தளத்தின் மொத்தச் சங்கடமும் இதுதான்.

ஒரகடத்தில் இந்தச் சங்கடம் எப்படித் தோன்றும் என்று பாருங்கள். ரெனோ-நிசான் கூட்டு ஆலை 2010 மார்ச்சில் அங்கே திறக்கப்பட்டது. அதே ஆண்டில் நிசான் மைக்ரா வந்தது. 2012-ல் ஏறக்குறைய அதே வண்டி வேறு முகத்தோடு ரெனோ பல்ஸ் ஆனது. அந்த வருடமே ரெனோ டஸ்டர் வந்தது, 2013-ல் அதன் உடன்பிறப்பாக நிசான் டெரானோ. ஒரே பாகம் இரண்டு பிராண்டு வண்டியிலும் போகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மரம் வரைந்தால் அந்தப் பாகத்தை இரண்டு மரத்திலும் எழுத வேண்டும். வெண்டர் ஒரு போல்ட்டின் நீளத்தை அரை மில்லிமீட்டர் மாற்றினால் இரண்டிலும் திருத்த வேண்டும். பிற்காலத்தில் ஐ.எம்.எஸ்.ஸில் கிளைகளுக்குக் குறுக்கே இணைப்புப் போட வழி செய்தார்கள். அது ஒட்டுப்போட்ட ஏற்பாடாகத்தான் இருந்தது.

வலையும் அட்டவணையும்

ஒரு பிள்ளைக்குப் பல தாய் இருக்கலாம் என்று முதலில் துணிந்தவர் சார்லஸ் பாக்மன். ஐ.எம்.எஸ்.ஸுக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1960களின் தொடக்கத்தில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் அவர் ஐ.டி.எஸ். என்ற அமைப்பை உருவாக்கினார். உற்பத்தித் திட்டமிடலுக்கும் கையிருப்புக் கட்டுப்பாட்டுக்குமாக எழுதிய மென்பொருளின் அடித்தளமாக அது பிறந்தது. முதல் சோதனை நடந்த இடம் பிலடெல்ஃபியாவில் இருந்த மின்சார ஸ்விட்ச்கியர் பிரிவு. ஆக, உலகின் முதல் தரவுத்தள மேலாண்மை அமைப்பும் ஷாப் ஃப்ளோருக்காகவே எழுதப்பட்டது.

பாக்மனின் அமைப்பில் பதிவுகள் சுட்டிகளால் கோக்கப்பட்டிருந்தன. ஸ்பிரிங்கிலிருந்து என்ஜினுக்கு ஏறலாம், என்ஜினிலிருந்து ஸ்பிரிங்குக்கு இறங்கலாம், வெண்டரிலிருந்து குறுக்கே பாயலாம். 1973-ல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்றபோது, நிரல் எழுதுகிறவன் தரவுக் கடலில் வழி கண்டுபிடித்துச் செல்லும் மாலுமி என்ற கருத்தை மையமாக வைத்து அவர் உரையாற்றினார். சக்தி வாய்ந்த அமைப்புதான். ஆனால் மாலுமிக்கு எல்லா வழியும் மனப்பாடமாக இருக்க வேண்டும். வழியை ஒருமுறை மாற்றினால் பழைய நிரல்கள் கரை தட்டிவிடும்.

இந்த இடத்தில்தான் எட்கர் காட் வருகிறார். பிரிட்டனில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானி, பிறகு ஐ.பி.எம்.மின் சான் ஹொசே ஆய்வகத்தில் கணித மனம் கொண்ட ஆராய்ச்சியாளர். 1970 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றைக்கும் படிக்கத் தக்கது. அதில் இருக்கும் முதல் அட்டவணையை ஒரகடத்து ஸ்டோர்ஸில் கொண்டுபோய்க் காட்டினால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். சப்ளையர், பாகம், புராஜெக்ட், அளவு என்று நான்கு பத்தி. முதல் வரியில் 1, 2, 5, 17. அதாவது ஒன்றாம் எண் சப்ளையர் இரண்டாம் எண் பாகத்தை ஐந்தாம் எண் புராஜெக்டுக்கு 17 உருப்படி அனுப்பிக்கொண்டிருக்கிறார். அடுத்த அட்டவணை, எந்தப் பாகத்துக்குள் எந்தப் பாகம் எத்தனை என்பது. சாட்சாத் பி.ஓ.எம். தான்.

அதே கட்டுரையில் காட் ஒரு சோதனை செய்துகாட்டினார். பாகங்களையும் புராஜெக்டுகளையும் ஐந்து விதமாக அடுக்கினார். பாகம் மேலே புராஜெக்ட் கீழே, புராஜெக்ட் மேலே பாகம் கீழே, இரண்டும் சமமாக என்றெல்லாம். குறிப்பிட்ட ஒரு புராஜெக்டுக்கு ஒதுக்கிய பாகங்களை அச்சிடும் எளிய வேலைக்கு எழுதிய நிரல்கூட, ஐந்து அடுக்குக்கும் ஒருசேரப் பொருந்தாமல் போவதைக் காட்டினார். அடுக்குமுறை நிரலுக்குள் புகுந்துவிட்டதுதான் நோய் என்றார். அவர் சொன்ன மருந்து: எல்லாவற்றையும் வெறும் அட்டவணைகளாக வையுங்கள். சுட்டி வேண்டாம், வழி வேண்டாம். என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், எப்படித் தேடுவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும்.

1974 மே மாதம் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் பாக்மனும் காட்டும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். அட்டவணை அழகாக இருக்கும், வேகம் வராது என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அந்தக் காலக் கணினிகளுக்கு அது நியாயமும்கூட. காட்டின் சொந்த நிறுவனமே தயங்கியது, ஐ.எம்.எஸ். நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தது. ஐ.பி.எம். ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்ற சோதனைத் திட்டமும், பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் நடத்திய இங்க்ரெஸ் திட்டமும் அட்டவணைமுறை நடைமுறைக்கு ஆகும் என்று நிரூபித்தன. டான் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-ல் வகுத்த கேள்வி மொழிதான் இன்றைய எஸ்.கியூ.எல். அந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு லாரி எலிசனின் சிறு நிறுவனம் 1979-ல் ஆரக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐ.பி.எம்.மின் டி.பி.2 வர 1983 ஆகிவிட்டது.

அட்டவணைமுறையின் பலம், யாரும் முன்கூட்டி நினைத்திராத கேள்விக்கும் அது பதில் சொல்லும் என்பதே. இந்த மாதம் தாமதமாகச் சப்ளை செய்த வெண்டர்கள் யார், அவர்கள் பாகம் எந்த மாடலில் போகிறது, அந்த மாடலுக்கு ஏற்றுமதி ஆர்டர் இருக்கிறதா என்று மூன்று அட்டவணையைச் சேர்த்து ஒரே மூச்சில் கேட்கலாம். இன்னொரு பலம், ஒரு விவரம் ஓரிடத்தில் மட்டும் இருக்கும். வெண்டர் அம்பத்தூரிலிருந்து ஒரகடத்துக்கு ஷெட்டை மாற்றினால் முகவரியை ஒரு வரியில் திருத்தினால் போதும்.

குறையையும் சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால், தரவுத்தளம் எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையில்தான் அட்டவணைமுறை முதலில் திணறியது. பி.ஓ.எம். எத்தனை படி இறங்கும் என்று முன்பே தெரியாது. காருக்குள் என்ஜின், என்ஜினுக்குள் ஹெட், அதற்குள் வால்வு என்று ஒவ்வொரு படிக்கும் அட்டவணையைத் தன்னோடு தானே சேர்க்க வேண்டும். தொடக்ககால எஸ்.கியூ.எல்.லில் அதற்கு வழியே இல்லை. ஆரக்கிள் தனக்கென்று ஒரு தனிக் கட்டளை வைத்துக்கொண்டு சமாளித்தது. பொதுத் தரத்தில் அந்த வசதி சேர 1999 ஆனது. அதற்குள் சான்ட்ரோ சாலைக்கு வந்துவிட்டது.

கரண்ட் போனால்

இனி நான் மிகவும் விரும்பும் பகுதி. இதில் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார்.

ஒரு பாக ஆலையின் கேட்டில் லாரி வந்து நிற்கிறது என்று வையுங்கள். 500 பிரேக் டிஸ்க். டி.சி. என்ற டெலிவரி சலானைச் சரிபார்த்து ஸ்டோர்ஸ் கிளார்க் ஜி.ஆர்.என். என்ற சரக்கு வரவுச் சீட்டுப் போடுகிறார். கணினிக்குள் இரண்டு காரியம் நடக்க வேண்டும். கையிருப்பில் 500 ஏற வேண்டும், ஆர்டர் பாக்கியில் 500 குறைய வேண்டும். முதலாவது முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடி சர்வர் எழும்பும்வரை லாரி டிரைவர் காத்திருக்கிறார்.

"அண்ணே, இன்னும் எவ்ளோ நேரம்? எனக்கு அடுத்த டிரிப் இருக்கு."

"இருப்பா, சிஸ்டம் இப்பதான் வந்திருக்கு. ஏறிச்சா இல்லையான்னு பாக்காம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

கிளார்க்கின் கேள்விக்கு இரண்டே பதில்தான் இருக்கலாம். முழுசாக ஏறியிருக்க வேண்டும், அல்லது ஏறவே இல்லை என்று இருக்க வேண்டும். பாதி ஏறியிருந்தால் இல்லாத ஒரு பாக்கிக்கு இன்னொரு 500 டிஸ்க் வந்து சேரும். இந்தப் பாதியைத் தடுப்பதுதான் பரிவர்த்தனை என்ற ஏற்பாடு. 2008-லிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாட்டு ஆலைகள் மின்வெட்டில் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால், இது எத்தனை முக்கியம் என்று விளங்கும்.

இதற்கு முழுமையான தீர்வு எழுதிய குழுவின் தலைவர் சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். ஜெர்மனி உதவியால் 1973-ல் அந்த வளாகத்துக்கு ஐ.பி.எம். 370 கணினி வந்தது. மோகனின் கவனம் வேதியியலை விட்டுக் கணினிக்குத் திரும்பியது அங்கேதான். 1977-ல் பி.டெக். முடித்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1981-ல் ஐ.பி.எம். சான் ஹொசே ஆய்வகத்தில் சேர்ந்தார். காட் இருந்த அதே ஆய்வகம். மோகனும் நான்கு சகாக்களும் 1992-ல் வெளியிட்ட மீட்பு முறைக்கு ஏரிஸ் என்று பெயர்.

ஏரிஸ் சொல்வது இது. எந்த மாற்றத்தையும் உண்மையான பதிவில் எழுதும் முன்பு, என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வட்டில் பத்திரப்படுத்து. கரண்ட் போய் மீண்டும் எழுந்ததும் முதலில் அந்தக் குறிப்பேட்டைப் படித்து எது முடிந்தது, எது அரைகுறை என்று கண்டுபிடி. பிறகு நடந்ததையெல்லாம், அரைகுறைகளையும் சேர்த்து, மறுபடி அப்படியே நடத்து. கடைசியில் அரைகுறைகளை மட்டும் பின்னோக்கி அழி. அரைகுறையையும் ஏன் மறுபடி நடத்த வேண்டும் என்று தோன்றும். கரண்ட் போன நொடியில் இருந்த நிலைக்குத் துல்லியமாகத் திரும்பினால்தான் அங்கிருந்து பிசகாமல் பின்வாங்க முடியும் என்பதே மோகன் குழுவின் நுட்பம். அழித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பவும் கரண்ட் போனால்? அழித்ததையும் குறிப்பேட்டில் எழுதிவை, அழித்ததையே இரண்டாம் முறை அழிக்காதே. தமிழ்நாட்டு மின்வெட்டைப் பார்த்தவர் எழுதியது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். டி.பி.2-வில் தொடங்கிய இந்த முறையும் இதன் வழிவந்தவையும் இன்று பெரும்பாலான அட்டவணைத் தரவுத்தளங்களின் உள்ளே ஓடுகின்றன. மோகன் 1997-ல் ஐ.பி.எம். ஃபெல்லோ ஆனார்.

இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் விட மனமில்லை. உலகெங்கும் பொறியியல் கல்லூரிகளில் தரவுத்தளம் கற்பிக்கும் முதன்மையான பாடநூல்களில் ஒன்றை ஜொஹானஸ் கெர்கேயுடன் சேர்ந்து எழுதியவர் ரகு ராமகிருஷ்ணன். இன்னொன்றை சில்பர்ஷாட்ஸ், கோர்த் ஆகியோருடன் சேர்ந்து எழுதியவர், பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் எஸ். சுதர்சன். இருவரும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். அந்த வளாகத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் நாற்பது கிலோமீட்டர்.

சிறிய ஷெட்டுகளில்

பெரிய ஆலையின் கதை இப்படி. அதற்குப் பாகம் கொடுக்கும் இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை வெண்டர்களின் கதை வேறு. 1990களில் அங்கே இருந்தது ஃபாக்ஸ்ப்ரோ. மலிவு, ஒரே ஆளால் எழுதி ஓட்ட முடியும். அட்டவணை என்ற தோற்றம் இருந்தாலும் உள்ளே வெறும் கோப்புகள். கரண்ட் போனால் கோப்பின் தலைப்பகுதி சிதைந்துவிடும். ஒரு கோப்பு 2 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

அதன் இடத்தை எக்செல் பிடித்துக்கொண்டது. எக்செல் கணக்குப் போட நல்ல கருவி. ஆனால் அது தரவுத்தளம் ஆகாது. இரண்டு பேர் ஒரே ஷீட்டைத் திறந்து ஆளுக்கொரு பக்கம் திருத்திச் சேமித்தால் ஒருவர் எழுதியது காணாமல் போகும். பாக எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை அது சொல்லாமலே உதிர்த்துவிடும். பழைய எக்செல் வடிவம் 65,536 வரிக்கு மேல் ஏற்காது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் கொரோனா தொற்றுப் பதிவுகள் 15,841 விடுபட்டுப்போனதற்கு இந்த வரி வரம்புதான் காரணம். பணக்கார நாட்டு அரசுக்கே இந்தக் கதி என்றால், பத்துப் பேர் வேலை செய்யும் பிரஸ் ஷாப்புக்குச் சொல்லவே வேண்டாம்.

இணையம் வந்த பிறகு

நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று நின்றது. அந்தக் கதை முன்பே எழுதியாகிவிட்டது. இங்கே வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. லைனில் ஓடும் கைபேசியை ஸ்கேன் செய்தால் "இது டெஸ்டில் பாஸா?" என்ற ஒரே கேள்விக்கு உடனே பதில் வேண்டும். சேர்த்துப் பார்க்க வேறு அட்டவணை ஏதும் இல்லை. எண்ணைக் கொடுத்தால் பொருளைத் தரும் தரவுத்தளம் இதற்குப் போதும். அமேசான் 2007-ல் வெளியிட்ட டைனமோ கட்டுரை இந்த வகைக்குப் பெரிய உந்துதல். அதை எழுதியவர்களில் ஒருவரான அவினாஷ் லக்ஷ்மண் பிறகு ஃபேஸ்புக்கில் பிரசாந்த் மாலிக்குடன் சேர்ந்து கசாண்ட்ராவை உருவாக்கினார். 2009-ல் வந்த மாங்கோ டி.பி., பதிவுக்குப் பதிவு வடிவம் மாறினாலும் ஏற்றுக்கொள்ளும். மாடலுக்கு மாடல் வேறுபடும் டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை வைக்க வசதி.

இந்த வகைகளுக்கு ஒரு விலை உண்டு. தரவைப் பல இயந்திரங்களில் பரப்பிவைத்திருக்கும்போது இடையே நெட்வொர்க் அறுந்தால், எல்லா இயந்திரமும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கலாம், அல்லது சற்றுப் பழைய பதிலாக இருந்தாலும் வேலை நிற்காமல் ஓடட்டும் என்று விடலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. எரிக் புரூவர் 2000-ல் சொன்னதை இரண்டு ஆண்டில் கணிதமாகவே நிறுவிவிட்டார்கள். அட்டவணைக்காரர்கள் பெரும்பாலும் முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், டைனமோ வழிவந்தவர்கள் இரண்டாவதை. இணையக் கடையின் கூடையில் ஒரு சட்டை கூடுதலாகத் தெரிந்தால் பாதகமில்லை. கையிருப்பில் 500 டிஸ்க் கூடுதலாகத் தெரிந்தால் மறுநாள் லைன் நிற்கும்.

கால வரிசைத் தரவுத்தளம் இவற்றிலிருந்து முற்றிலும் தனி. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ல் தொடங்கிய செயின்ட்-கோபைன் கண்ணாடி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். மிதவைக் கண்ணாடி உலையை ஒருமுறை மூட்டினால் பல ஆண்டுகள் அணைக்காமல் ஓட்டுவார்கள். வெப்பம் 1,500 டிகிரியைத் தாண்டும். இப்படிப்பட்ட உலையில் பல இடங்களில் உணரிகள் விடாமல் எண்களைக் கக்கும். அவற்றை யாரும் திருத்துவதில்லை, சேர்த்துக்கொண்டே போவார்கள். கேட்கும் கேள்வியும் ஒரே மாதிரி: நேற்று இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு வரை வெப்பம் எப்படி இருந்தது? ஆலைகளில் இதை ஹிஸ்டோரியன் என்பார்கள். 1980-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஓ.எஸ்.ஐ.சாஃப்ட் நிறுவனத்தின் பி.ஐ. சிஸ்டம் இதில் மூத்தது. ஏறியோ இறங்கியோ ஒரே சரிவில் போகும் அளவீடுகளில் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ளவற்றை விட்டுவிடும் தந்திரத்தால் அது இடத்தைப் பெருமளவு மிச்சப்படுத்தியது. அட்டவணைத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு அளவீட்டையும் ஒரு வரியாக எழுதினால் சில மாதத்தில் மூச்சுத் திணறிவிடும்.

ஆலை நிர்வாக மென்பொருளான எஸ்.ஏ.பி. பற்றியும் சொல்ல வேண்டும். 1992-ல் வந்த அதன் ஆர்/3 மென்பொருள் ஆரக்கிள் போன்ற அட்டவணைத் தரவுத்தளங்களின் மேல் ஓடியது. பின்பு ஹானா என்று தனக்கே ஒரு தரவுத்தளத்தை உருவாக்கிக்கொண்டது. அட்டவணையை வரி வரியாக வைக்காமல் பத்தி பத்தியாக, அதுவும் நினைவகத்திலேயே வைக்கும் முறை. லட்சக்கணக்கான வரியில் அளவு என்ற ஒரு பத்தியை மட்டும் கூட்ட வேண்டுமென்றால் மற்ற பத்திகளைத் தொடவே வேண்டாம். இரவெல்லாம் ஓடிய திட்டமிடல் கணக்கு நிமிடங்களில் முடிய இது வழிசெய்தது. பழைய எஸ்.ஏ.பி.க்கான பொது ஆதரவு 2027 இறுதியோடு முடிவதால், அதை வைத்திருக்கும் ஆலைகளின் ஐ.டி. துறைகளுக்கு இது பரபரப்பான காலம்.

எது சிறந்தது?

பொறியியல் மாணவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். என் தீர்ப்பைத் தெளிவாகவே சொல்கிறேன். பொருளும் பணமும் கைமாறும் எந்தக் கணக்கும் அட்டவணைத் தரவுத்தளத்தில்தான் இருக்க வேண்டும். ஜி.ஆர்.என்., கையிருப்பு, இன்வாய்ஸ், சம்பளம் எல்லாம் இதில் அடக்கம். உலையின் வெப்பமும் ஸ்க்ரூ முறுக்கிய அளவும் கால வரிசையில் போகட்டும். ஸ்கேன் செய்து ஆம், இல்லை என்று மட்டும் கேட்கும் இடத்தில் எண்ணும் பொருளும் போதும். ஒரு குறைபட்ட லாட் எந்தெந்த வண்டிக்குள் எத்தனை படி தாண்டிப் போயிருக்கிறது என்று தேடும் வேலை அன்றாடம் இருந்தால், வரைபடத் தரவுத்தளத்தையும் பார்க்கலாம். நியோ4ஜெ அதில் பெயர் பெற்றது, பாக்மனின் வலை அதில் புது உருவில் திரும்பியிருக்கிறது. கணக்கை மட்டும் அட்டவணையைத் தவிர வேறெதிலும் வைக்காதீர்கள்.

சிறு வெண்டர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஸ்டோன்பிரேக்கர் 1986-ல் பெர்க்லியில் தொடங்கிய போஸ்ட்கிரெஸ், 1996-லிருந்து போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. அட்டவணைக் கணக்கு, வடிவம் மாறும் ஆவணம், கூடுதல் இணைப்பு மூலம் கால வரிசை ஆகிய மூன்றையும் அது ஒன்றே தாங்கும். கரண்ட் போனாலும் முன்கூட்டி எழுதிவைத்த குறிப்பேட்டைக் கொண்டு எழுந்து நிற்கும். லைசென்ஸ் செலவு இல்லை. வேண்டியது, அதை அமைத்து, தினமும் பேக்கப் எடுத்து வெளியே வைக்கத் தெரிந்த ஓர் ஆள். பக்கத்துப் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் புராஜெக்டுக்கு இடம் தேடி அலைகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, உங்கள் எக்செல் ஷீட்டுகளில் முதலில் கையிருப்பை மட்டுமாவது மாற்றிக்கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த நிதியாண்டு வரை தள்ளிப்போடாதீர்கள்.

(தொடரும்)